எண்பத்தேழாம் இலக்கம்

ஆய்வுக் குழு அனுப்பிய பட்டியலை ஜெனூபா மூன்றாம் தடவையாக வாசித்தாள். உறக்கம் பற்றிய பெரிய ஆய்வு அது. பத்தொன்பது நாடுகள் சேர்ந்து நாற்பதாயிரம் பேரின் மூளைப் படங்களையும் மரபணுக்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கின்றன. இரவில் தொழில் செய்பவர்களுக்கு உறக்கம் ஏன் கெடுகிறது என்று அறிய, கல்முனைக் கரையோரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு மீனவர்களை வீடு வீடாகப் போய்ச் சேர்த்தவள் அவள்.

அவர்களில் பதினொரு பேரின் படங்கள் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. எட்டுப் பேர் ஸ்கேனுக்குள் தலையை அசைத்துவிட்டார்களாம். மற்ற மூன்று இலக்கங்களுக்கு நேரே, ‘மூளையில் கட்டி, நீக்கவும்’ என்றிருந்தது. திகதி ஒன்பது மாதம் பழையது.

எந்த இலக்கம் யாருடையது என்ற பதிவேடு அவளிடம்தான் இருந்தது. எண்பத்தேழு, சாய்ந்தமருது பக்கீர். ஸ்கேன் எடுக்க மட்டக்களப்புக்குப் போன பஸ்ஸில், "தலைக்குள்ள ஏதும் பழுதிருந்தா செல்லுவாங்கதானே புள்ள?" என்று கேட்டவர். "ஓம் காக்கா, கட்டாயம் செல்லுவாங்க" என்று, சொல்வார்கள் என உறுதி கொடுத்தவள் அவளேதான்.

இங்கே ஆய்வை நடத்தும் கொழும்புப் பேராசிரியருக்கு உடனே அழைத்தாள்.

"இது ஆராய்ச்சி, வைத்தியம் இல்ல" என்றார் அவர். "படம் பாக்கிற குழு வெளிநாட்டில. அவங்களுக்குப் பேர் தெரியாது. சம்மதப் படிவத்திலயும் அப்படி ஒரு வாக்குறுதி இல்ல."

"இலக்கம் தெரியும்தானே ஸேர். அத எனக்கு அனுப்பியிருந்தா அண்டைக்கே வீட்ட போயிருப்பன்."

"உணர்ச்சிவசப்படாதீங்க ஜெனூபா."

அவள் அழைப்பைத் துண்டித்தாள். பதிவேட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

பக்கீர் வீட்டில் இருந்தார். கடலுக்குப் போய் இரண்டு மாதம். இடக்கண்ணில் புகை படிந்தது போலிருக்கிறதாம். ஊர் ஆஸ்பத்திரியில் தலையிடிக்குக் குளிசை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஜெனூபா எதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் தலையைத் தடவிக்கொண்டார். பேசியது அவர் மனைவி முனவ்வறா.

"ரத்தம் எடுக்க ரெண்டு தரம் வந்தீங்க. இத செல்ல ஒரு தரம் வர ஏலாமப் போச்சா?"

"எனக்கும் இண்டைக்குத்தான் தெரியும் ராத்தா."

சொன்னது உண்மை. ஆனாலும் அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மற்ற இருவரையும் அன்றே தேடினாள். ஒருவர் கத்தாரில் வேலைக்குப் போயிருந்தார், தொலைபேசியில் பிடித்து, அங்கேயே வைத்தியரைப் பார்க்கச் சொன்னாள். மற்றவர் கதிர்காமன். அவருக்கு இருந்தது சின்னக் கட்டி, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்றார்கள் வைத்தியர்கள். பக்கீருக்கு மூன்று கிழமையில் கொழும்பில் சத்திரசிகிச்சை நடந்தது. புற்றுநோய் இல்லை. உயிர் தப்பினார். இடக்கண் பார்வை மட்டும் திரும்பவில்லை. ஆறு மாதம் முந்தி வந்திருந்தால் கண்ணையும் காப்பாற்றியிருக்கலாம் என்று வைத்தியர் சொன்னதை முனவ்வறா ஜெனூபாவிடம் அப்படியே சொன்னாள்.

அந்த மாதமே பேராசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. ஒலுவிலில் இன்னும் முந்நூறு பேரைச் சேர்த்துத் தர வேண்டுமாம். பக்கீரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஜெனூபா வாசித்து முடித்ததும் ஆய்விலிருந்து விலகும் படிவத்தை இருநூறு பிரதி எடுத்தாள்.

முதல் ஒப்பம் பக்கீருடையது. பிறகு அவரும் அவளோடு கரைக்கு வந்தார். வலை பிரிக்கிறவர்களிடம் தன் கண்ணைக் காட்டி, "எண்ட படத்த அவங்க பாத்திருக்காங்க. எனக்குத்தான் செல்லல்ல" என்றார். நான்கு நாளில் நூற்று அறுபத்து மூன்று பேர் ஒப்பமிட்டார்கள். ஜெனூபா எல்லாவற்றையும் கட்டி, ஆய்வில் சேர்ந்த நாடுகள் அனைத்துக்கும் பிரதி போகுமாறு அனுப்பினாள்.

மூன்றாம் கிழமை பதில் வந்தது. இனி ஒவ்வொரு படத்தையும் பதினான்கு நாளுக்குள் இங்குள்ள வைத்தியர் ஒருவர் பார்ப்பார், பழுது தெரிந்தால் உரியவருக்கு அறிவிக்கப்படும் என்றிருந்தது. மன்னிப்பு என்ற சொல் எங்கும் இல்லை. அவள் அதைப் பக்கீருக்கு வாசித்துக் காட்டினாள்.

"இனி வாறவங்களுக்கு நல்லம்தானே" என்றார் அவர்.

முனவ்வறா எழுந்து உள்ளே போனாள். ஜெனூபாவுக்கும் கோபம் ஆறவில்லை.