கல்வளவு முள்ளங்கி

நாற்பத்தாறு நாள். அதற்கு மேல் ஒரு பொழுதும் தரமுடியாது என்று கலந்தர் தன் இளைய மகள் ஜுனைதாவிடம் சொல்லிவிட்டார். அன்றைக்கு மரம் விற்கும் மரக்காலை மசூர் வந்து கல்வளவை வாங்கிக்கொள்வான்.

அந்த வளவு மூத்தவள் றாஹிலாவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டை ஒட்டிக் கிடந்தது. சாய்ந்தமருதில் எங்கே தோண்டினாலும் மணல் வரும். அங்கே மட்டும் கல் வரும். ஒரு பழைய நெற்களஞ்சியம் இடிந்து, செங்கல்லும் முருகைக்கல்லும் மண்ணோடு மண்ணாகிப் போன இடம். கல்லோயாத் திட்டத்து வாய்க்கால் தண்ணீர் வந்த பிறகு கலந்தரின் எண்ணமெல்லாம் வயற்பக்கந்தான். வளவை விற்று, எட்டு மைலுக்கு அப்பால் வாய்க்கால் ஓரத்தில் ஜுனைதாவுக்கு வீடு கட்டப்போகிறாராம். பெண்ணுக்கு வீடு எழும்பாமல் கலியாணம் ஏது?

வாப்பாவை எதிர்த்துக் கதைத்து அவளுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் கூப்பிட்ட குரலுக்கு ராத்தா றாஹிலா வராத இடத்தில் குடியிருப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"ஒண்டும் முளைக்காதெண்டுதானே விக்கிறீங்க, வாப்பா? கிழங்கு வெளைஞ்சா?"

"இந்தக் கல்லுக்குள்ளயா?" கலந்தர் வயிறு குலுங்கச் சிரித்தார். "வெளைஞ்சா விக்கல்ல, போ."

ஜுனைதா உடைந்த கட்டிற் சட்டத்தில் கிழிந்த கரைவலைத் துண்டை இழுத்துக் கட்டினாள். முழங்கை ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி அதில் அரித்தாள். மண் கீழே விழுந்தது. கல் வலையில் நின்றது. அதைக் கடகத்தில் அள்ளி வேலியோரம் கொட்டினாள்.

"மீனுக்கு வலை போடுவாங்க. கல்லுக்கு வலை போடுற ஆள இப்பதான் பாக்கன்" என்றாள் றாஹிலா. சொல்லிக்கொண்டே மறுபக்கச் சட்டத்தைப் பிடித்து ஆட்டினாள்.

மூன்று பாத்தி உயர்த்தி முள்ளங்கி விதை போட்டார்கள். இலை விரிந்த சமயத்தில் ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால், முதல் பாத்தியைச் சுற்றி அழகாக வரம்பு கட்டி, உள்ளே தண்ணீர் நிறுத்தியிருந்தது. கணுக்கால் அளவு தண்ணீரில் நாற்றுகள் மிதந்தன.

"என்ன வாப்பா இது?"

கலந்தர் தலையைச் சொறிந்தார். "தண்ணி காணாதெண்டு நெனச்சன். நெல்லு வெள்ளாமைக்காரன்ட கை, மகள்."

அந்தப் பாத்தி அழுகிப் போயிற்று. வாப்பா வேண்டுமென்றே செய்தாரோ என்று ஜுனைதா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. போதாக்குறைக்கு, அவள் கொட்டிய கல்லையெல்லாம் அவர் வேறு எடுத்துப் போய், பெரிசு பெரிசாகவும் சிறிசு சிறிசாகவும் வளவின் நடுவே அடுக்கிக்கொண்டிருந்தார். மசூருக்குக் கல்லையும் சேர்த்தே விற்கப்போகிறார் போலும்.

தவணை நாளும் வந்தது. றாஹிலா முதல் செடியைப் பிடுங்கினாள். கீழே ஏதோ கல் தடுத்திருக்க வேண்டும்; கிழங்கு இரண்டாகப் பிரிந்து ஒன்றன்மேல் ஒன்று மடிந்திருந்தது.

"இஞ்ச பாரு புள்ள! உன்ட மாப்பிள காலை மடிச்சுக் குந்திட்டாரு!"

ஜுனைதாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அடுத்ததைப் பிடித்து இழுத்தாள். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது: முழங்கை நீளம், வெள்ளை வெளேரென்று, வளைவு நெளிவில்லாமல். அதற்கடுத்ததும் அப்படியே. கடகம் நிறைந்தது. றாஹிலா முந்தானையை விரித்தாள்; அதுவும் நிறைந்தது.

ஜுனைதா ஒரு கிழங்கை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாப்பாவிடம் ஓடினாள். அவர் அப்போதும் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மசூர் நானா வரட்டும். காட்டுறன்!"

கலந்தர் முள்ளங்கியை வாங்கி, மண்ணைத் தட்டி, ஒரு கடி கடித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது, காரமான கிழங்கு.

"அவன் வரமாட்டான், மகள். நீ முதல் கடகம் கல்லுத் தூக்கின அண்டைக்கே விக்கிறல்லையெண்டு செல்லிட்டன்."

"அப்ப ஏன் வாப்பா எனக்குச் செல்லல்ல?"

"செல்லியிருந்தா இவ்வளவு கல்லு எனக்கு ஆரு பொறுக்கித் தருவா?" அவர் அடுக்கின்மேல் கையை வைத்துச் சிரித்தார். "இது உன்ட ஊட்டுக்கு அத்திவாரம், புள்ள."