கண் விளக்கும் விசிறியும்

ஜோமர் எழுந்தான். கொசுவலையை மடித்தான். தண்ணீர் கொதிக்க வைத்து, காபிப் பொட்டலத்தைக் கிழித்துக் கோப்பையில் கொட்டினான். பழைய சோற்றைப் பூண்டு போட்டு வதக்கினான். கருவாடு பொரித்தான். வீடே நாறுகிறது என்று திட்ட மனைவி ரோவெனா இல்லை. சாப்பிட்டான். தட்டைக் கழுவினான். சார்ஜரிலிருந்து நான்கு பேட்டரிகளையும் உருவிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். இளஞ்சூடாக இருந்தன. அவற்றைப் பெட்டிக்குள் அடுக்கினான்.

ரோவெனாவின் தங்கை மைலின் வேட உடையும் கையில் தலைக்கவசமுமாகக் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். அக்கா கணவனை அவள் குயா, அண்ணா, என்றுதான் கூப்பிடுவாள்.

"குயா, தெருமுனை வரைக்கும் கருவாட்டு வாசனை. இந்த டிரெஸ்ஸுல ஏறிச்சுன்னா பறவை ராணின்னு எவனும் சொல்ல மாட்டான். கருவாட்டு ராணிம்பான்."

பறவை ராணி வேடம் ரோவெனா செய்தது. கவசமும் இறக்கைகளும் தலைக்கவசமும் அவளே ரப்பர் நுரையை வெட்டி ஒட்டியவை. போன வருடம் பாசாய் நகர அரங்கில், வேடப் போட்டி வரிசையில் நின்றபடியே அதற்குள் சுருண்டு விழுந்தாள். பிறகு எழவில்லை. பலவீனமான இதயம், வெக்கை தாங்கவில்லை என்றார் மருத்துவர். இன்று அதே போட்டி. அக்கா ஏறாத மேடையில் தங்கை ஏறப்போகிறாள். ஜோமர் அவளோடு போகப்போவதில்லை.

அவன் பேட்டரிப் பெட்டியை நீட்டினான்.

"இந்தச் செங்கல்லயா கழுத்துல கட்டிக்கிட்டு நிக்கணும்? அக்காவுக்கு மெல்லிசா ஒரு பவர் பேங்க் வாங்கிக் குடுத்தீங்களே, அது எங்க?"

"கெட்டுப்போச்சு."

மைலின் இழுப்பறையைத் துழாவி அதை எடுத்தே விட்டாள். ஒயரை அதில் சொருகினாள். தலைக்கவசத்தின் கண்கள் பச்சையாக எரிந்தன. உள்ளே இரண்டு குட்டி விசிறிகளும் ரீங்கரித்தன.

"ஓடுதே! பொய் சொல்ல வரலைன்னா விட்டுடுங்க குயா." தலையில் மாட்டிக்கொண்டாள். குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "அப்பா, ஜில்லுனு இருக்கு. இதைப் போய் ஒளிச்சு வெச்சிருக்கீங்களே, கஞ்சன்!"

ஜோமர் சார்ஜரின் ஒயரைச் சுற்றி வைத்தான். அவள் இதோடு போய்விடுவாள். பேசாமல் இருந்தால் போதும். போன வருடமும் பேசாமல்தான் இருந்தான்.

அவன் அவள் பின்னால் போய், பிடரியில் இருந்த சுவிட்சைத் தட்டிக் கண் விளக்கை அணைத்தான். வரிசையில் நிற்கும்போது எல்லோரும் செய்வதுதான். சார்ஜை மேடைக்கு மிச்சம் பிடிப்பார்கள்.

விசிறிகள் சிறிது நேரம் ஓடின. பிறகு நின்றன.

மைலின் தலைக்கவசத்தைக் கழற்றினாள். அதற்குள்ளாகவே நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.

"என்னாச்சு?"

"ஃபேன் இழுக்கிற கரண்ட் ரொம்பக் கம்மி. எதுவுமே சொருகலைன்னு நெனச்சு அது தானா அணைஞ்சுடும். லைட்டும் எரிஞ்சாத்தான் முழிச்சிருக்கும். பேட்டரிப் பெட்டி அப்படி இல்ல. தீர்ற வரைக்கும் குடுக்கும்."

"இது எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"அடக்கம் முடிஞ்சு வந்து போட்டுப் பாத்தேன். அதுக்கு முன்னாடி வீட்ல பாத்தப்ப லைட்டும் எரிஞ்சுது. அதனால தெரியல."

"அன்னிக்கு வரிசைல லைட்டை அணைச்சது யாரு?"

"நான்தான்."

மைலின் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அம்மா இன்னும் அக்காவோட இதயத்தைத்தான் திட்டிட்டு இருக்காங்க."

"தெரியும்."

அவள் பவர் பேங்கைப் பிடுங்கி மேஜையில் வைத்தாள். பேட்டரிப் பெட்டியைக் கழுத்துப் பைக்குள் திணித்தாள். பெட்டி தடிமன், பை மூடவில்லை. உதவப் போனவனை ஒரு பார்வையிலேயே நிறுத்தினாள்.

"'நல்லா போட்டோ எடு'ன்னு சொல்லிட்டுத்தான் அக்கா விழுந்தாள்னு ஊரெல்லாம் சொன்னீங்களே. அதாச்சும் நெஜமா?"

இல்லை. அதைத் தானே ஜோடித்ததை அவளிடம் சொன்னான். அன்று வரிசையில் அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். விசிறிச் சத்தம் கேட்கவில்லை, ஓடுகிறதா பார் என்றாள் ரோவெனா. அவன் நிமிரவில்லை. கூட்டத்து இரைச்சலில் எப்படிக் கேட்கும், ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றான்.

"அப்புறம்? அக்கா என்ன சொன்னா?" என்றாள் மைலின்.

ஜோமர் ரோவெனாவின் கடைசி வார்த்தைகளை அப்படியே சொன்னான்.

"சரி, நீ சொன்னா சரிதான்."