அண்ணன் எழுதும் மதிப்புரை

எங்கள் குடும்பத்தில் யாரும் யாருக்காகவும் தராசைத் தட்டியதில்லை. எடை அளவு ஆய்வாளராக இருந்த காலத்தில் என் சொந்தத் தம்பி கடையின் எடை குறைந்த படிக்கற்களையே பறிமுதல் செய்திருக்கிறேன். கொஞ்ச காலம் அவன் என் வாசல்படி மிதிக்கவில்லை. மிதிக்காவிட்டால் போகட்டும் என்று இருந்தேன். இப்போது வருகிறான், போகிறான். கற்களும் சரியாக இருக்கின்றன.

அதனால், என் மகள் செய்த விளையாட்டுக்கு என் மகனே மதிப்புரை எழுதப் போகிறான் என்று தெரிந்ததும் அவனைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. சாப்பாட்டு மேசையில உக்காந்து என் கண்ணு முன்னாடி ஆடு. தங்கச்சின்னு தூக்கி வெச்சான்னும் யாரும் பேசக் கூடாது, பழைய கோவத்துல கவுத்துட்டான்னும் பேசக் கூடாது."

"அம்மா, நான் என்ன பரீட்சையா எழுதறேன்?"

"ஆமா. வந்து சேரு."

பழைய கோபம் இதுதான். 'வானாட்சி' என்ற கணினி விளையாட்டை முதலில் அண்ணனும் தங்கையும் சேர்ந்தே செய்தார்கள். ஆடுகிறவர் விண்மீன்களுக்கு நடுவே ஒரு பேரரசைக் கட்டி ஆள வேண்டும். கோள்களைப் பிடிக்க வேண்டும், வரி போட வேண்டும், கப்பல் கட்ட வேண்டும், சண்டை போட வேண்டும். அதற்கென்று உயிரை விடும் கூட்டம் ஒன்று உருவானது. இரண்டாம் பாகம் என்று பேச்சு வந்தபோது அவன் திரையில் பொத்தான்களை இன்னும் சேர்க்க வேண்டும் என்றான், அவள் குறைக்க வேண்டும் என்றாள். கதவை அறைந்துவிட்டு அவன் போனான். போனவன் விளையாட்டு மதிப்புரைகள் எழுத ஆரம்பித்து, இன்றைக்கு அந்தக் கூட்டத்துக்கு அவன் சொல்வதுதான் தீர்ப்பு.

அவள் ஒரு மருந்துக் கடையின் மாடியில் அறை எடுத்து, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்துக்கொண்டு இரண்டாம் பாகத்தைச் செய்து முடித்தாள். விளையாட்டுத் திரையின் படங்கள் வெளியான உடனேயே பழைய ஆட்டக்காரர்கள் கத்தத் தொடங்கிவிட்டார்கள்: பாதிப் பொத்தான்களைக் காணோம், இது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம், இதில் ஆழமே இல்லை. அண்ணனும் அதையே சொல்லிவிட்டால் வாங்க ஆள் இருக்காது. மாடி அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

ஆழம் எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவள் என்னோடுதான் இருக்கிறாள். காய் நறுக்கிக்கொண்டே எனக்கு வாசித்துக் காட்டுவாள். ஒவ்வொரு கோளுக்கும் ஓர் ஆளுநர். அவர்கள் தலைவருக்கு, அதாவது ஆடுகிறவருக்கு, கடிதம் எழுதுவார்கள். ஒருவர் எதற்கெடுத்தாலும் புலம்புவார், ஆனால் உயிரைக் கொடுப்பார். இன்னொருவர் வாயாரப் புகழ்வார், கணக்கை மறைப்பார். படித்துப் பதில் போட்டால் ஒரு விதமாக நடப்பார்கள், போடாவிட்டால் வேறு விதம். எடுத்துவிட்ட பொத்தான்களின் வேலை முழுவதையும் அந்தக் கடிதங்களுக்குள் கொண்டுபோய் வைத்திருந்தாள்.

ஞாயிறு காலை அவன் வந்தான். மடிக்கணினியைத் திறந்தான். திரையை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தங்கையிடம் திரும்பினான்.

"என்ன வாலு, வீட்டைக் காலி பண்ணிட்டியா? வரி விகிதம் எங்க?"

"தூக்கிட்டேன்."

"வரியத் தூக்கிட்டு என்னத்த ஆளறது? அர்ச்சனை பண்றதா?"

"ஆடுண்ணா முதல்ல. வாய்க்கு அப்புறம் வேலை குடுக்கலாம்."

ஆடினான். முதல் கடிதம் வந்தது. புலம்புகிற ஆளுநருடையது. தண்ணீர் எடுக்கும் இயந்திரம் நின்றுவிட்டது என்று அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார். என் மகன் பார்க்கக்கூட இல்லை. ஒரே தட்டு. கடிதம் மூடிக்கொண்டது. அடுத்தது வந்தது. அதற்கும் ஒரு தட்டு.

ஏன் மூடுகிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. முதல் பாகத்திலும் ஆளுநர்களின் கடிதங்கள் உண்டு. அவற்றை எழுதியவனே இவன்தான். திரை வெறிச்சென்று இருக்கக் கூடாது என்பதற்காக ஒரு சாயங்காலம் உட்கார்ந்து எழுதித் தள்ளிய ஒப்புக்குச் சப்பாணி வாக்கியங்கள் அவை. எந்தக் கடிதத்துக்கும் எந்த அர்த்தமும் இல்லை என்பது உலகத்திலேயே இவனுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். வேறு யாராக இருந்தாலும் ஒன்றிரண்டையாவது படித்திருப்பார்கள்.

மதியத்துக்குள் வானத்தில் பாதி அவன் கையில். பக்கத்தில் திறந்து வைத்திருந்த குறிப்பில் தட்டினான். எட்டிப் பார்த்தேன். 'அழகு உண்டு. ஆழம் இல்லை.'

அடுக்களைக்குப் போனேன். மகள் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா? லெட்டரப் படிடான்னு?"

"நீயாம்மா கேக்கற?" தட்டை வைத்துவிட்டுத் திரும்பினாள். "கடைக்காரன் பக்கத்துல நின்னுக்கிட்டு 'மேடம், இந்தப் பக்கம் பாருங்க'ன்னு சொன்னா ஒத்துப்பியா?"

"உன் பொழைப்புடி."

"காசு குடுத்து வாங்கறவன் வீட்டுக்கெல்லாம் போய் நான் காதுல சொல்லப் போறேனா? அவனாக் கண்டுபிடிக்கலேன்னா அது ஆட்டத்தோட குறை. அவன் எழுதறது சரிதான்."

நிமிர்ந்து நின்றுதான் சொன்னாள். நான் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். என் வாயை நானே கட்டிக்கொண்ட நாள் அது.

சாப்பிட்ட பிறகுதான் அது தொடங்கியது. ஓரத்தில் இருந்த ஒரு கோள் அவன் நிறத்திலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. எதிரிக் கப்பல் எதுவும் வரவில்லை.

"வாலு, இங்க வா. உன் ஆட்டத்துல பிழை இருக்கு."

"பிழை இல்ல."

"கப்பல் வரல, குண்டு விழல. கோள் எப்படிடி கழண்டு போகும்?"

"தலைவர் நீ. என்னைக் கேட்டா?"

எண்கள் உள்ள திரைகளையெல்லாம் புரட்டினான். கப்பல்கள் சரி, கஜானா சரி, எரிபொருள் சரி. மூன்றாவது கோளும் சாம்பலானது. பார்க்க வேறு எதுவும் மிச்சமில்லாமல்தான், மூடித் தள்ளிய கடிதங்களைத் திறந்தான். கடைசியாக வந்ததைப் பார்த்ததும் வெடித்துச் சிரித்தான்.

"'இங்கு அனைத்தும் நலம், தலைவரே!' அம்மா, இது என் வரி! நான் எழுதினது! சோம்பேறி, இதைக்கூட மாத்தல பாரு!"

அவன் அதற்கு முந்தைய கடிதத்தைத் திறந்தான். அதற்கும் முந்தையதை. தண்ணீர் இயந்திரம் நின்றதைச் சொன்ன கடிதம். குழந்தைகளை வேறு கோளுக்கு அனுப்ப அனுமதி கேட்ட கடிதம். 'தங்களுக்கு வேலை அதிகம் என்று அறிவேன்' என்று தொடங்கிய கடிதம். எதற்கும் பதில் போகவில்லை. கடைசியில் அந்த மனிதர் புலம்புவதை நிறுத்திக்கொண்டு, அனைத்தும் நலம் என்று ஒரே வரி எழுதியிருந்தார். அதற்கு அடுத்த சுற்றில்தான் கோள் போயிருந்தது.

சிரிப்பு நின்றது. மற்ற ஆளுநர்களின் கடிதங்களையும் எடுத்தான். யார் யாரெல்லாம் அந்த வரிக்கு வந்திருக்கிறார்கள் என்று பார்த்தான். நிறையப் பேர் வந்திருந்தார்கள்.

"அடிப்பாவி," என்றான் மெதுவாக.

"காபி வேணுமா?" என்றாள் அவள்.

"ஒண்ணும் வேணாம். முதல்லேருந்து ஆடறேன். யாரும் பேசாதீங்க."

இந்த முறை ஒவ்வொரு கடிதத்தையும் படித்தான். தலையைச் சொறிந்துகொண்டான். புகழ்கிறவரை நம்பி ஏமாந்தான், "திருட்டுப் பய!" என்று திரையைப் பார்த்துத் திட்டினான். புலம்புகிறவருக்குக் கப்பல் அனுப்பினால் எல்லை காலியாகிறது, எல்லையைக் காத்தால் அந்த ஆளுக்கு மனசு விட்டுப்போகிறது. விளக்கு போடும் நேரத்தில் அவன் பேரரசு காலையில் இருந்ததில் கால்வாசிதான் இருந்தது. முகம் மட்டும் பத்து வயதுப் பையன் முகமாக இருந்தது.

பிறகு எழுதினான். முடித்ததும் "சத்தமாப் படி" என்றேன்.

படித்தான். 'இந்த விளையாட்டைச் செய்தவர் என் தங்கை. முதல் பாகத்தை அவரோடு செய்தவன் நான். அந்தத் திமிரினால் அரை நாள் இதைத் தவறாக ஆடி, ஆழம் இல்லை என்று எழுதவும் செய்தேன். ஆளும் பகுதியில் முதல் பாகத்தைவிட இதற்கு ஆழம் அதிகம். நாங்கள் பொத்தான்களை அடுக்கினோம், இவர் மனிதர்களை வைத்திருக்கிறார்.' மகளின் கண் பளபளத்தது. அவன் நிறுத்தவில்லை. 'ஆனால் சண்டைப் பகுதி தட்டை. எந்த எதிரிக்கும் ஒரே தந்திரம் போதும். வியூக விளையாட்டு என்று விலை சொல்லி விற்கும்போது இது பெரிய குறை.'

"தட்டையா?" மகள் எழுந்துவிட்டாள். "ஒளிஞ்சு தாக்கறது இருக்கு, சுத்தி வளைக்கறது இருக்கு..."

"இருக்கு. எதுவும் தேவைப்படல. பெரிய கப்பலா கட்டி நேரா விட்டேன். ஒவ்வொரு தடவையும் ஜெயிச்சேன். ஒரு தடவை தோத்தேனா சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் முகத்தில் எதையும் காட்டவில்லை.

"...தோக்கல," என்றாள். "அப்படியே போடு."

"அந்தப் பத்தி வேணும்னா கொஞ்சம்..."

"ஒரு எழுத்து மாத்தினே, இந்த வீட்டுல உனக்குச் சோறு கிடையாது."

அப்படியே வெளியிட்டான்.

மறுநாள் காலையில் மகளின் தொழில் கூட்டாளி என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். நல்ல மனிதர், கொஞ்சம் பதற்றக்காரர். "அம்மா, உங்க பொண்ணு வெளியீட்டைத் தள்ளி வெக்கணும்கறா. சண்டைப் பகுதியத் திரும்பச் செய்யணுமாம். பாதி பேர் இப்பவே வாங்கத் தயாரா இருக்காங்க. ஆழம் இருக்குன்னு அவரே எழுதிட்டாரே! நீங்க சொன்னா கேப்பா."

"என்ன எழுதியிருக்கான்? தட்டைன்னும் எழுதியிருக்கான் இல்ல?"

"அது ஒரு பத்திதானேம்மா."

"தம்பி, குறைன்னு தெரியறதுக்கு முன்னாடி வித்திருந்தா அது வேற. தெரிஞ்ச பிறகு எங்க வீட்டுலேருந்து அது வெளிய போகாது. அவ சொன்னதுதான்."

அவர் பெருமூச்சு விட்டது நன்றாகக் கேட்டது. வைத்துவிட்டேன்.

உள்ளே மேசையில் மகள் தொலைபேசியைக் காதில் இடுக்கிக்கொண்டு கப்பல் படம் வரைந்துகொண்டிருந்தாள். "பெரிய கப்பல் மெதுவாத்தான் திரும்பும்ணா, அதுல என்ன தப்பு?" என்று கத்தினாள். அந்தப் பக்கத்திலிருந்து அவனும் கத்துவது அறைக்கே கேட்டது. நான் ஜன்னலைச் சாத்தவில்லை. தெருவே கேட்கட்டும்.