ஆறாவது தட்டு

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா: இந்தக் கதை எனக்குத் தையல்கடையில் கிடைத்தது. கை நீளம் குறைக்கக் கொடுத்த சட்டையை வாங்கப் போனேன். வெட்டுமேசையில் ஒரு துண்டுத்துணி. அதில் சாக்கட்டியால் 'அ–கிரா–தெ–சேர்–தெ–ஏய்' என்று எழுதியிருந்தது. யாருடைய அளவு என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரரோட நாக்கு அளவு" என்றார் தையல்காரம்மா.

2

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: 'போர்ச்சுகீசிய நூல்களைத் தமிழாக்கிய அந்த மேதையின் நாவை விதி—'

(வேண்டாம். வந்தது பக்கவாதம். விதியை ஏன் வம்புக்கு இழுப்பது?)

இரண்டாவது: பக்கவாதத்துக்குப் பிறகு தையல்காரம்மாவின் கணவர் வாயில் தமிழ் ஒரு சொல்லும் எழவில்லை. பிழைப்புக்காகப் படித்த போர்ச்சுகீசியம்தான் நுனி நுனியாக எட்டிப் பார்த்தது. பேச்சுப் பயிற்சி தர வந்த பெண் அதையே பிடித்துக்கொண்டார். நீளமான வினைச்சொல் ஒன்றை அசை அசையாகப் பிரிப்பது, அசைக்கு ஒரு தட்டு. எந்தச் சொல் என்பதைக் கணவரே பழைய நோட்டில் விரல் வைத்துக் காட்டினார்; துண்டுத்துணியில் இருந்தது அதுதான்.* வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தடவையாவது தானாக முடிக்காவிட்டால் ஆஸ்பத்திரியில் பயிற்சியை நிறுத்திவிடுவார்கள்.

(* பொருளைக் கேட்டு வைத்தேன். முன்னால் 'நன்றி சொல்லுதல்'. கடைசி அசையில் 'நான், இனிமேல்'. இரண்டுக்கும் இடையில், அப்பா அம்மாவுக்கு நடுவே படுத்த குழந்தை மாதிரி, 'உனக்கு'.)

3

தையல்காரம்மா கத்தரிக்கோல் பிடியால் வெட்டுமேசையில் தட்டுவார். தட்டுக்கு ஓர் அசையாகக் கணவர் ஐந்து வரை வந்துவிடுவார். ஆறாவதில் உதடு நடுங்கும். உடனே அம்மா, "ஏய்!" என்று தாமே முடித்துவிடுவார்.

"அக்கா, மறுபடியும் நீங்களே சொல்லிட்டீங்க!" என்பார் பயிற்சிப் பெண்.

"பாவம்மா, திணறுறாரு."

"திணறட்டும்."

"நாப்பது வருஷமா அவரு ஆரம்பிப்பாரு, நான் முடிப்பேன். பேச்சும் அப்படித்தான், சண்டையும் அப்படித்தான்."

கணவர் தலையை ஆட்டினார். ஆமோதித்தாரா, முறையிட்டாரா என்பதை நான்

(விட்டுவிட்டேன். எனக்கே தெரியாது.)

4

வெள்ளிக்கிழமை. (நான் அங்கே இல்லை; தையல்காரம்மா சொல்லக் கேட்டது.) ஐந்து தட்டு விழுந்தது. கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது.

தையல்காரம்மா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டார். மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பயிற்சிப் பெண் கண்ணாலேயே 'வேண்டாம்' என்றார். கணவரின் நெற்றியில் வியர்வை அரும்பியது. அம்மாவுக்குக் கண்ணில் நீர், வாயில் நாடா. ஒரு சட்டைக்குப் பொத்தான் முழுவதும் தைத்துவிடலாம், அவ்வளவு நேரம்.

பிறகு அவருடைய இடது கை ஊர்ந்து வந்தது. மேசையில் தானே ஒரு தட்டு தட்டியது. வாய் திறந்தது.

5

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அந்த அசையைச் சொல்கிறார். இன்னொன்றில் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மூன்றாவதில் தமிழ் மடை திறந்து கொட்டுகிறது (எனக்கே கூச்சமாக இருந்தது). மூன்றையும் தையல்காரம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"அன்னிக்கு என்னதாம்மா சொன்னாரு?"

ஊசியில் நூல் கோத்தபடி, "பயிற்சிய இன்னும் மூணு மாசம் நீட்டிச்சிருக்காங்க. அத எழுதிக்குங்க" என்றார்.

"சரி, சொன்ன சொல்லு?"

"அது எனக்குச் சொன்னதுங்க. இத்தன வருஷத்துல அவரே முடிச்சது அது ஒண்ணுதான். அதையும் நீங்க வந்து முடிக்கணுமா?"

மூன்று தாள்களையும் கிழித்துப்போட்டேன். உங்களிடம் யாராவது திணறித் திணறி நன்றி சொல்லியிருந்தால், அந்தக் குரலை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே பேசாமல் இவ்வளவு நேரம் கேட்டீர்களே, கண்ணுகளா, உங்களுக்கு நான்