பழகினால் பிடித்துவிடும்

கம்பெனி பஸ் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டுவதற்குள் இசைவாணி அந்த வாய்ஸ் மெசேஜைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டாள். வசந்தகுமார் அனுப்பியது. "குட் மார்னிங்ங்க. டிபன் ஆச்சா? எங்க கேண்டீன்ல இன்னிக்கு பொங்கல். பாத்தா பொங்கல் மாறிதான் கீது, வாயில வெச்சா சிமென்ட்டு." அதற்குப் பிறகு அந்தச் சிரிப்பு. தான் சொன்ன ஜோக்குக்குத் தானே முதல் ஆளாக, கேட்கிறவருக்கு இடமே வைக்காமல் சிரிக்கிற சிரிப்பு. தொண்டையில் தொடங்கி மூக்கில் போய் முடியும். முதல் தடவை கேட்டபோது அவள் வயிற்றுக்குள் என்னவோ சுருட்டிக்கொண்டது. இப்போதும் சுருட்டியது. கொஞ்சம் குறைந்திருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். இம்மியும் குறையவில்லை. சனியன் என்று முனகிக்கொண்டு மறுபடியும் அழுத்தினாள்.

இத்தனைக்கும் மாப்பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. ஒரகடத்தில் கார் கம்பெனியில் லைன் லீடர், வாலாஜாபாத்தில் சொந்த வீடு. குடி இல்லை, பீடி சிகரெட் இல்லை. பெண் பார்க்க வந்த அன்று செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்துக் கழற்றி வைத்தான் என்று அம்மா மஞ்சுளா அதையே பத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தாள். இதற்கு முன்னால் வந்த இரண்டு வரன்களை இசைவாணி வேண்டாம் என்றிருந்தாள். ஒருத்தன் சம்பள ஸ்லிப்பைக் காட்டச் சொன்னான், சரி. இன்னொருத்தனை ஏன் வேண்டாம் என்றாள் என்று இன்று அவளுக்கே ஞாபகமில்லை. அன்றிலிருந்து அப்பா தணிகாசலம் அவளிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். குன்றத்தூரில் இருக்கிற அத்தை, சித்தி, பக்கத்து வீடு எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: பெண் மனசில் வேறு யாரோ இருக்கிறான். ஐயோ, யாருமே இல்லை. அதுதான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. ஒருத்தன் இருந்து இந்தப் பேச்சைக் கேட்டிருந்தாலாவது கேட்டதற்கு அர்த்தம் இருந்திருக்கும்.

"புடிக்கலன்னா புடிக்க வெச்சிக்கடி. உங்கப்பாவ நானு புடிச்சா கட்டிக்கினேன்?" என்றாள் மஞ்சுளா. பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த தணிகாசலம் பக்கத்தைத் திருப்பினார்.

பெண் பார்க்க வந்தவர்கள் கேசரி, பஜ்ஜி, காப்பியோடு எழுந்து போயிருந்தார்கள். சாப்பாடு சாப்பிடவில்லை, சாப்பிடவும் மாட்டார்கள். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் யாரும் கை நனைப்பதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து இலையில் உட்கார்ந்து, மாப்பிள்ளை கை சோற்றில் பட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு தட்டு மாற்றுவது, பத்திரிகை அடிப்பது எல்லாம் ஊருக்காக. "கை நனைச்சிட்டு போனதுக்கப்பறம் வாயத் தொறக்கக் கூடாது. வேணாம்னா இப்பவே சொல்லித் தொல" என்று மஞ்சுளா கேட்டபோது இசைவாணி சொன்னாள்: "வரச் சொல்லு. அதுக்குள்ள புடிச்சிடும்." மஞ்சுளா மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

அவள் சும்மா சொல்லவில்லை, ஒரு நம்பிக்கையில்தான் சொன்னாள். அப்பாவுக்குச் சர்க்கரை வந்தபோது வீட்டில் யாருக்குமே டீயில் சர்க்கரை கிடையாது என்றானது. முதல் வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். எனக்கு இது பிடிக்கும், எனக்கு இது பிடிக்கும் என்று ஒவ்வொரு வாய்க்கும் சொல்லிக்கொண்டாள். இப்போது யாராவது சர்க்கரை போட்ட டீயைக் கொடுத்தால் குமட்டுகிறது. நாக்கையே திருப்பிவிட்டவளுக்கு மனசைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

இதைப் பக்கத்து சீட்டு ஷாலினிடம் சொன்னாள். இரண்டு பேரும் செய்வது ஒரே வேலை. பெல்ட்டில் வருகிற சர்க்யூட் போர்டை லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் அனுப்ப வேண்டும், பற்றவைத்ததில் பிசகு இருந்தால் சிவப்பு ட்ரேயில் போட வேண்டும். கண் சிமிட்டும் நேரம்தான். இசைவாணி அதில் கெட்டிக்காரி, பிசகு அவள் கண்ணுக்குத் தானாக வந்து நிற்கும். ஷாலின் கையில் இருந்த போர்டை இறக்காமலே சொன்னாள்: "டீயும் ஆம்பளயும் ஒண்ணாடி? டீ உன்ன திருப்பிப் பாக்காதுடி."

இவள் காதில் வாங்கவில்லை. அவன் போட்டோவைப் போனில் வால்பேப்பராக வைத்தாள். தினமும் அவனிடம் ஒரு நல்லதைக் கண்டுபிடித்தே தீர்வது என்று வைத்துக்கொண்டாள். சட்டைக் காலரைத் தேய்க்கத் தெரிந்தவன். ஹெல்மெட் வாரை மாட்டிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புகிறவன். அவள் ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்த அன்று, கால் வலிக்கிறதா என்று கேட்டவன். மொத்தத்தில் நல்லவன். ஆனால் போன் அதிர்ந்ததும் வயிறு தன் பாட்டுக்குச் சுருட்டிக்கொண்டது, அதற்கு இந்த நியாயம் எதுவும் எட்டவில்லை.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பார்க்கலாமா என்று கேட்டிருந்தான். வரச் சொன்னாள். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்து டீக்கடை. யூனிபார்மோடே பைக்கில் வந்து இறங்கினான். அவளைக் கேட்காமலே, "ரெண்டு டீ, சர்க்கர இல்லாம" என்றான். ஒரு வாய் குடித்ததும் அவன் முகம் வேப்பங்கொழுந்தைக் கடித்த மாதிரி கோணிக்கொண்டது.

"உங்களுக்கு புடிக்குமா, சர்க்கர இல்லாம?"

"புடிக்காது. பழகிக்கினுகீறேன். நீங்க இப்டித்தான் குடிப்பீங்கன்னு அன்னிக்கு உங்கம்மா சொன்னாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தான். அதே சிரிப்பு.

இசைவாணி உள்ளே கவனித்தாள். இன்றைக்குச் சுருட்டல் குறைந்த மாதிரி இருந்தது. சத்தியமாகக் குறைந்திருந்தது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கரித்தது. பாவம், எனக்காக இந்தக் கசப்பைக் குடிக்கிறான் என்று நினைத்தாள். அவன் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"எல்லாம் பழக்கம்தாங்க. உள்ளத சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு உங்கள பாத்துட்டு போனப்ப எனக்கு புடிக்கல."

"இன்னாது?"

"அம்மாதான் சொன்னாங்க, பாக்கப் பாக்க புடிச்சிடும்னு. அதான் டெய்லி உங்க போட்டோவ எடுத்து வெச்சி பாக்கறேன். காலையில வாய்ஸ் போடறதும் அதுக்குத்தான். இப்ப எவ்ளவோ பரவால்லீங்க." ஏதோ பரிசு கொடுக்கிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான்.

அவளுக்குக் காது மடல் கொதித்தது. நியாயமாகப் பார்த்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே வேலையை, ஒரே நேரத்தில், ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். ஆனால் அவள் அவனுக்காகப் பல்லைக் கடித்தால் அது பெருந்தன்மை, அவன் அவளுக்காகக் கடித்தால் அது அவமானம் என்றுதான் அந்த நேரத்தில் பட்டது. என்னைப் பார்க்க ஒருத்தன் பழக வேண்டுமா? நான் என்ன மருந்தா?

"எது புடிக்கல?"

"வுடுங்க."

"சொல்லுங்க. எது?"

அவன் கிளாஸைப் பார்த்தான். "நீங்க பாக்கற பார்வ. கடையில பொருள எடுத்து எங்க ஓட்டன்னு தேடுவாங்கல்ல, அந்த மாறி. பஜ்ஜி தட்ட வெச்சிட்டு நிமிந்து ஒரு பார்வ பாத்தீங்க பாருங்க. நானு ஃபெயிலுன்னு அங்கியே தெரிஞ்சிடுச்சி."

"எனக்கும் உங்கள புடிக்கல." வாய் முந்திக்கொண்டது. "அந்த சிரிப்பு. காதுல மாட்டிக்கினு டெய்லி கேக்கறேன். புடிச்சித் தொலைய மாட்டேங்குது."

சிரிப்பதற்காகவோ என்னவோ அவன் வாய் பாதி திறந்திருந்தது. அப்படியே மூடிக்கொண்டான். கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. கசப்பு டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுக் கிளாஸை வைத்தான்.

"ஞாயித்துக்கெழம வரட்டா, வேணாமா?"

"வூட்ல எல்லாருக்கும் சொல்லிட்டாங்க."

"நான் வூட்ட கேக்கல" என்றான். அவள் தன் கிளாஸை எடுத்துப் போய்க் கடைக்காரரிடம் கொடுத்தாள். அவன் ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டான்.

சனிக்கிழமை வாய்ஸ் மெசேஜ் வரவில்லை. பஸ்ஸில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பழைய மெசேஜைப் போட்டுக் கேட்டாள். வயிறு சுருட்டவில்லை. அதற்குப் பதில் நெஞ்சு அடித்துக்கொண்டது. இது பிடித்துப்போனதா, இல்லை வேண்டாம் என்று அவன் முந்திக்கொள்வானோ என்கிற ரோஷமா? அவளுக்குப் பிடிபடவில்லை. போர்டில் கூட அன்று கண் நிற்கவில்லை. சிவப்பு ட்ரேயில் போட வேண்டியதை அனுப்பிவிட்டு சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். சாயங்காலம் அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்று அடுப்படிவரை போனாள். மஞ்சுளா பாயசத்துக்கு முந்திரியை உடைத்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அம்மா பாடி எத்தனை நாளாயிற்று! இசைவாணி தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அவன், அவன் அம்மா ராஜாமணி, மாமா, இன்னும் நாலைந்து பேர். செருப்பை ஜோடி சேர்த்துத்தான் கழற்றினான். சிரிக்கவே இல்லை. மாமா ஏதேதோ சொல்லிக் கூடமே சிரித்தபோதும் அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இசைவாணி அடுப்படியில் அப்பளத்தைப் பொரித்துக்கொண்டே காதைக் கூடத்தில் வைத்திருந்தாள். ஒரு தடவை சிரித்துத் தொலையேன் என்று உள்ளுக்குள் அவனிடம் கெஞ்சினாள்.

கூடத்தில் இலை போட்டாகிவிட்டது. பொரியல், கூட்டு, வடை எல்லாம் வைத்து, இசைவாணிதான் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். இனி எல்லாம் அவன் பாடு, அவன் கையை வைத்தால் வைக்கட்டும், எழுந்து போனால் போகட்டும், பழி நம்மேல் இல்லை என்று நினைத்தபோது ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"மாப்ள, நீ கைய வெச்சாத்தான் நாங்க வெப்போம். பசிக்குதுப்பா" என்றார் மாமா.

வசந்தகுமார் நிமிர்ந்தான். "அவங்களும் ஒக்காரட்டும்."

"வூட்டுப் பொண்ணு பந்தி முடிஞ்சிதான் தம்பி சாப்புடும்" என்றாள் மஞ்சுளா, சிரிப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு.

"பரவால்லீங்க. அவங்களும் ஒக்காந்து கைய வெச்சா நானும் வெக்கறேன்."

"டேய், இன்னாடா இது புதுப் பழக்கம்?" ராஜாமணியின் குரல் கம்மியது. மஞ்சுளாவின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருந்தது. எல்லோரும் இசைவாணியைப் பார்த்தார்கள். அட பாவி, என் தலையிலேயே திருப்பிக் கட்டிவிட்டானே என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. கூடவே, இவ்வளவு பேர் நடுவில் என்னை ஒருத்தன் கேட்டுவிட்டானே என்றும் இருந்தது.

"எல போடு, மஞ்சு" என்றார் தணிகாசலம்.

அவனுக்கு எதிரே இன்னொரு இலை விழுந்தது. இசைவாணி பாத்திரத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தாள். மஞ்சுளா சோற்றைப் போட்டாள். பதற்றத்தில், மகள் சோற்றில் குழி பறிக்கிறாளா என்றுகூடப் பார்க்காமல், சாம்பாரைக் கரண்டி கரண்டியாக மேலேயே ஊற்றினாள். அவன் வலது கையைத் தன் சோற்றுக்கு மேலே நீட்டி, அங்கேயே நிறுத்தியிருந்தான். அவன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சோற்றை உடைத்துக்கொண்டு சாம்பார் இறங்கியது. கூட்டைச் சுற்றி, வடையை நனைத்து, இலையின் ஓரத்துக்கு, அவள் மடியில் இருந்த பட்டுப்புடவையைப் பார்த்து ஓடி வந்தது. கையை வைத்து அணை கட்டினால்தான் நிற்கும்.