காலிக் கூடைக்குக் காவல்

தியாகராய நகரில் பாத்திரக் கடை வைத்திருந்த கணேசமூர்த்தி, திருநெல்வேலியிலிருந்து யார் வந்தாலும் செத்த காலேஜைக் காட்டாமல் அனுப்பமாட்டார். எழும்பூர் மியூசியத்துக்குப் பட்டணத்து ஜனங்கள் வைத்த பெயர் அது. அவர் மனைவி தங்கபுஷ்பம் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடுவாள். போய் வந்தவர்கள் எல்லாரும் அங்குள்ள திமிங்கல எலும்பைப் பற்றி இரண்டு கையையும் விரித்துச் சொல்வார்கள். கல்யாணமாகி வந்த நாளாக அந்தத் திமிங்கலத்தை அவள் அடுத்தவர் கையளவில்தான் பார்த்திருந்தாள்.

இந்த முறை நாத்தனார் இசக்கியம்மாளும் அவள் புருஷனும் வந்திருந்தார்கள். நாள் முழுக்க வாடகைக்குப் பேசிய டாக்ஸியில் ஓர் இடம் மிஞ்சியதால் தங்கபுஷ்பத்தையும் ஏற்றிக்கொண்டார்கள். விடியுமுன் எழுந்து புளியோதரை கிளறிக் கூடையில் அடுக்கியபோதுகூட அவளுக்குத் திமிங்கல நினைப்புதான்.

முதலில் கோட்டை மியூசியம். "ஏளா, கூடையப் பாத்துக்கோ. ஒரு எட்டு பாத்துட்டு வந்துருதோம்" என்றார் கணேசமூர்த்தி. சரி, கோட்டைதானே என்று வாசலில் உட்கார்ந்தாள். எழும்பூரிலும் கூடை அவள் மடிக்கே வந்தது. மாறி மாறிப் பார்க்கலாம் என்று சொல்லிப் போனவர்கள், வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு பசியோடு திரும்பினார்கள். பரிமாறினாள். பாத்திரம் கழுவி நிமிர்ந்தால், எல்லாரும் டாக்ஸியில் ஏறியிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் திமிங்கலம். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் பற்றிக்கொண்டு வந்தது.

கிண்டியில் புதிதாக வந்திருந்த பாம்புப் பண்ணையில் இறங்கியதும் கணேசமூர்த்தி மாற்றாமல் அதையே சொன்னார். கூடையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். டிரைவர் ஷரஃபுதீனுக்கே பொறுக்கவில்லை.

"இன்னா சார், டிக்கில வெச்சா நான் பாத்துக்க மாட்டனா? காலைலேருந்து சும்மாத்தான குந்திகினு கீறேன்."

கணேசமூர்த்தி அசடு வழிந்தார். "இது தோணாமப் போச்சே. நீயாவது சொல்லியிருக்கலாம்லா தங்கம்?"

தங்கபுஷ்பம் கூடையை அவர் முன்னால் வைத்துத் திறந்தாள். கழுவிக் கவிழ்த்த தூக்குச்சட்டிகளைத் தவிர உள்ளே ஒன்றுமில்லை.

"காலிக் கூடைக்கு எதுக்குங்க காவல்? ஒங்களுக்குக் கூடை ஞாபகம் இருந்துச்சு, நான் இருக்கது ஞாபகம் இல்ல. ஆக்கிப் போடுதவளுக்கும் கண்ணு ரெண்டு இருக்கு. அத அவ வாய்விட்டுச் சொல்லித்தான் வீட்டு ஆம்பளைக்குத் தெரியணுமா?"

இசக்கியம்மாள் தன் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். கணேசமூர்த்தி வண்டியை எழும்பூருக்கே திருப்பச் சொன்னார். போய்ச் சேர்ந்தபோது அங்கே கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

"தப்பு என் மேலதான். அடுத்த ஞாயித்துக்கெழம நாம ரெண்டு பேரும் வருவோம். கூடைய நான் சுமக்கேன்" என்றார் தாழ்ந்த குரலில்.

"கூடையே வேண்டாங்க" என்றாள் தங்கபுஷ்பம். "அன்னைக்கு ஓட்டல்ல சாப்பிடுவோம்."