எழுத்தில்லாத வண்டி

மகள் அம்மாவின் இடது காலில் காலுறையை மாட்டிவிட்டு, வலது காலைக் கையில் எடுத்தபோது பெரிய மாமா அறைக்குள் வந்து, வண்டிக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டார். அம்மாவுக்குக் கோடையிலும் கால் சில்லிட்டுப்போகும். அலுவலகத்தில் மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடுதான் உட்கார்ந்திருப்பாள். விடிகிற நேரத்தில் மூச்சு நின்றதும் அப்பா முதலில் தேடிக்கொண்டுவந்து கொடுத்தது இந்த நீலக் காலுறைகளைத்தான்.

"வண்டிக்குச் சொல்லியாச்சு மாமா," என்றாள் மகள், தலையைத் தூக்காமல்.

"நல்ல வண்டிதானே?"

"நல்ல வண்டிதான்."

பொய் இல்லை. ஆனாலும் முழு உண்மையும் இல்லை. மாமா காரைவிட்டு இறங்கியதுமே அப்பாவிடம் கறாராகச் சொல்லியிருந்தார்: என் தங்கச்சிக்கு அரசாங்க வண்டி மட்டும் வரக்கூடாது, காசு எவ்வளவு ஆனாலும் தனியார் வண்டிதான் வர வேண்டும் என்று. அதற்குள் மகள் முந்திக்கொண்டு போன் செய்துவிட்டாள். சொன்னது அரசாங்க வண்டிக்குத்தான்.

போன வாரம் அம்மா கேட்டு வாங்கிய வாக்கு அது. "என்னை நம்ம வண்டியிலயே அனுப்பிடு. ஊரையெல்லாம் இதுல போங்கன்னு சொல்லிட்டு நான் மட்டும் வேற வண்டியில போனா நல்லாவா இருக்கும்?" என்றாள். மாமா விடமாட்டாரே என்றதற்குச் சிரித்தாள். சிரித்தால் இருமல் வந்துவிடும், வந்தது. இருமி முடித்து, "அண்ணன்கிட்ட நீ வாயே திறக்காத. வண்டி பாத்துக்கும்," என்றாள்.

அம்மா மாகாண அரசின் வறுமை ஒழிப்புத் துறையில் வேலை பார்த்தவள். கொடுப்பது பாதி வேலைதான், வாங்குகிறவர் கூசாமல் வாங்கிப்போக வேண்டும், அது மீதி வேலை என்று அந்தத் துறை ஒரு கட்டத்தில் முடிவெடுத்தது. முடிவெடுக்க வைத்தவர்களில் அம்மாவும் ஒருத்தி. வீடில்லாதவர்களுக்கு ஊருக்கு வெளியே தனிக் காலனி கட்டாமல், இந்தத் தெருவில் ஒன்று அந்தத் தெருவில் ஒன்று என்று எல்லோருக்கும் நடுவில் வீடு கொடுத்தார்கள். மருத்துவமனையில் இலவசத்துக்கென்று இருந்த தனி வரிசையை எடுத்துவிட்டார்கள். இலவசப் பள்ளிப் பைகள் கடையில் தொங்குவது மாதிரியே பல நிறங்களில் வந்தன. தன் படம் இல்லையே என்று மந்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "உங்க படத்தைப் போட்டா எந்தப் புள்ள ஏழைன்னு கிளாஸுக்கே தெரிஞ்சிடும் சார்," என்று அம்மா நேராகவே சொன்னாளாம். மந்திரிக்குக் கோபம்தான். ஆனால் பைகள் படமில்லாமலே போயின.

போகிற இடமெல்லாம் 'இலவசம்' என்ற எழுத்தின் மேல் பெயிண்ட் அடித்ததால் பெயிண்ட் டிபார்ட்மென்ட் என்று துறையைக் கேலி செய்தார்கள். எழுத்தை அழித்தால் வறுமை அழிந்துவிடுமா என்று டீக்கடையில் கேட்டார்கள். அழியாதுதான். ஆனால் கூச்சத்துக்குப் பயந்து வியாதியோடு வீட்டிலேயே கிடந்தவர்கள் வந்து வரிசையில் நின்றார்கள். பள்ளிக்கு மட்டம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு வீடு எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியவில்லை. கேலி மெல்ல அடங்கிப்போனது.

அம்மா கடைசியாகக் கைவைத்தது பிண வண்டியில். அதன் இரண்டு பக்கமும் 'ஏழைகளுக்கு இலவசம்' என்று சிவப்பில் கொட்டை எழுத்து இருக்கும். அதை அழிக்கச் சொல்லி, கேட்கிற எவருக்கும் வண்டி வர வேண்டும், வாசலில் நின்று காசு பேசக்கூடாது என்று உத்தரவு வாங்கினாள். சாம்பல் நிறம் அடித்து வண்டிகள் வந்து நின்றபோது மகளும் கூடப் போயிருந்தாள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அம்மா மட்டும் சாயங்கால வெயிலில் வண்டியோடு ஒட்டிக் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். புதுப் பூச்சுக்கு அடியில் பழைய எழுத்தின் மேடு லேசாகத் தெரிந்தது. சுரண்டிவிட்டு மறுபடி அடியுங்கள் என்று சொல்லிவிட்டாள். பட்டறைக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே சுரண்டினார்கள். இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று மகளுக்கே அன்று எரிச்சலாக இருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்களுக்கு டீ போட மகள் சமையலறைக்குப் போனாள். மாமா பின்னாலேயே வந்து டம்ளர்களை எடுத்து வைத்தார். மரச்சாமான் கடை முதலாளி. தன் வீட்டில் ஒரு டம்ளரை நகர்த்தியிருக்க மாட்டார். அவள் வாயை அடக்கிக்கொண்டுதான் இருந்தாள், இருந்தும் கேட்டுவிட்டாள்.

"அரசாங்க வண்டின்னா அவ்வளவு கேவலமா மாமா?"

மாமா ஒரு டம்ளரைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"எங்க அப்பா அதுலதான் போனாரு, பாப்பா. ஸ்கூல் விடுற நேரம். என் கிளாஸ் பசங்க கேட்ல நின்னு அந்த எழுத்தைச் சத்தமாப் படிச்சானுங்க. உங்கம்மா அப்பதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டிருந்தா. அவளும் கூடச் சேர்ந்து படிச்சா. என்ன படிக்கிறோம்னே தெரியாம, என் கையைப் பிடிச்சுக்கிட்டு."

டம்ளரைக் கீழே வைத்தார். "அன்னிக்கே முடிவு பண்ணேன். எங்க வீட்ல இனி ஒருத்தரும் அதுல ஏறக்கூடாதுன்னு."

அம்மா இதை ஒருநாளும் சொன்னதில்லை. எழுத்தை அழித்ததை மாமாவிடமும் சொன்னதில்லை போலிருக்கிறது. அந்தச் சாயங்கால வெயிலில் குனிந்து எதைத் தேடினாள் என்று மகளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அம்மாவை நினைத்துப் பெருமையாகவும், மாமாவை நினைத்துப் பயமாகவும் இருந்தது. அந்த மனிதருக்கு, இன்றைக்கு, இந்த வாசலில் போய் அதே வண்டியா?

அவள் அப்பாவைத் தேடிப் போனாள். அப்பா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஏற்கெனவே வாரிய முடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். மாமாவிடம் சொல்லிவிடட்டுமா, வேறு வண்டிக்கே சொல்லிவிடலாமா என்று காதோடு கேட்டாள்.

"உங்கம்மா என்ன சொன்னா?"

"வாயைத் திறக்காதன்னா."

"அப்புறம் என்ன," என்றார் அப்பா.

வண்டி வந்தது. கழுவித் துடைத்த சாம்பல் நிற வண்டி, சத்தமே இல்லாமல் வாசலில் வந்து நின்றது. டிரைவரும் உதவியாளரும் தேய்த்த சட்டையில் இறங்கி, அப்பாவுக்கு முன்னால் ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றார்கள். மாமா முதல் ஆளாகப் போய்ப் பின்கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். சுத்தமான விரிப்பு, இரண்டு பக்கமும் உறவினர் உட்கார இருக்கை.

"வண்டின்னா இப்படி இருக்கணும் மாப்ளே," என்றார் அப்பாவிடம். "நம்ம புள்ள சரியான இடத்துலதான் சொல்லியிருக்கா."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மகள் தரையைப் பார்த்தாள். இந்த நிலையிலும் சிரிப்பு வரப் பார்த்தது. அம்மா இருந்திருந்தால் சிரித்து இருமித் தீர்த்திருப்பாள்.

அம்மாவைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. மாமா பர்ஸை எடுத்துக்கொண்டு டிரைவர் பக்கம் போனார்.

"காசெல்லாம் வேண்டாங்கய்யா," என்றார் டிரைவர்.

"ஏம்பா? எந்தக் கம்பெனி நீங்க?"

"கம்பெனி இல்லீங்கய்யா. மாகாண அரசு வண்டி. யாரு கூப்பிட்டாலும் இதேதான் வரும்."

மாமாவின் கை பர்ஸோடு அப்படியே நின்றது. அவர் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டியைப் பார்த்தார். தெருவில் கூடியிருந்தவர்கள் என்ன ஏதென்று புரியாமல் காத்திருந்தார்கள்.

மாமா வண்டியின் இடது பக்கம் வந்து நின்று பார்த்தார். பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனார். சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு வண்டியோடு ஒட்டிக் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, வெயில் விழுகிற வாக்கில் பார்த்தார். அண்ணனும் தங்கையும் ஒரே மாதிரி குனிகிறார்கள் என்று மகள் நினைத்தாள். எழுத்து இருந்திருக்க வேண்டிய இடத்தில் மாமா உள்ளங்கையை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெல்லத் தடவிக்கொண்டே போனார். எங்கேயும் மேடு கையில் தட்டுப்படவில்லை.

பின்னால் அவருடைய கார் கதவு திறந்தபடி நின்றது. மாமா அந்தப் பக்கம் போகவில்லை. வண்டியின் பின்படியைப் பிடித்து ஏறி, அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தார். எதிர் இருக்கையில் அப்பாவும் மகளும் ஏறிக்கொண்டார்கள். டிரைவர் கதவைச் சாத்தினார்.

தெருமுனை திரும்பும்போது வண்டி லேசாகக் குலுங்கியது. அம்மாவின் வலது காலுறை கணுக்கால் வரை இறங்கியிருந்தது. மாமா குனிந்து அதை மேலே இழுத்துவிட்டு, அந்தக் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.